கீபோர்டைத் தட்டினால் கணினி ஏன் பேசவில்லை?

(நம் சமுதாயக் கூடத்தில் நடந்த ஞாயிறு மாலைச் சந்திப்பில் பேசியதன் எழுத்து வடிவம். அன்று செய்து காட்டியவற்றை, வாசிப்பவர்களுக்காகக் கொஞ்சம் விரித்து எழுதியிருக்கிறேன்.)



"இருபது நிமிஷம் பேசுங்க சார், ஆனா எங்களுக்கும் புரியுற மாதிரி பேசுங்க" என்று செயலாளர் சொல்லியிருக்கிறார். சென்ற மாதம் பேசியவர் மழைநீர் சேகரிப்பு பற்றிப் பேசினார். அது எல்லோருக்கும் தேவை. நான் பேசப் போவது கீபோர்டையும் லேப்டாப்பையும் இணைப்பது பற்றி. இது எத்தனை பேருக்குத் தேவை என்ற சந்தேகம் உங்களுக்கு வரலாம். நம் ஐந்து பிளாக்கிலும் மாலை ஆறு மணிக்கு ஒரு சுற்று நடந்து பாருங்கள். எத்தனை வீட்டில் கீபோர்டு சத்தம் கேட்கிறது என்று தெரியும். அந்த வீடுகளில் பாதியிலாவது "கம்ப்யூட்டர்ல கனெக்ட் பண்ணினேன், சத்தம் வரல" என்ற பேச்சு ஒரு நாள் வந்திருக்கும்.

நான் இதைப் பேச ஒத்துக்கொண்டதற்கு இன்னொரு காரணமும் உண்டு. பொங்கல் விழாவில் நடந்தது உங்களுக்கு நினைவிருக்கும். டி பிளாக் பாப்பா, ஒன்பதாம் வகுப்புப் படிக்கிறவள், மேடையில் வந்து உட்கார்ந்தாள். கல்யாணியில் ஒரு ஆலாபனையும் ஒரு கீர்த்தனையும் வாசிப்பதாக ஏற்பாடு. கீபோர்டு அவளுடையது. லேப்டாப்பும் அதிலிருந்த புல்லாங்குழல் மென்பொருளும் என்னுடையவை. அவள் வாசித்தாள். ஒரு சத்தமும் வரவில்லை. நான் ஸ்பீக்கரைத் தொட்டேன், ஒயரை ஆட்டினேன், லேப்டாப்பை அணைத்துப் போட்டேன். பன்னிரண்டு நிமிடம் போனது. கடைசியில் மைக்கிலேயே, "பாப்பா, நீ எதையோ தட்டி விட்டுட்ட போல" என்று சொல்லிவிட்டேன். கூட்டத்தில் சிலர் சிரித்தார்கள். அவள் எழுந்து போய்விட்டாள். அடுத்து கோலப் பரிசளிப்பு ஆரம்பமாகிவிட்டது.

மறுநாள் அந்தக் கீபோர்டு பரணுக்குப் போய்விட்டது என்று அவள் அப்பா லிஃப்டில் சொன்னார். அவள் என்ன செய்திருந்தாள், நான் என்ன செய்யத் தவறினேன் என்பதைக் கடைசியில் சொல்கிறேன். அது புரிய வேண்டுமானால் இடையில் உள்ளது புரிய வேண்டும்.

மிடி என்றால் சத்தம் இல்லை

நம் மீனாட்சி அம்மன் கோயில் இசைத்தூணைத் தட்டினால் அந்தக் கல்லே ஒலிக்கிறது. தட்டுகிற இடமும் சத்தம் பிறக்கிற இடமும் ஒன்றுதான். வீணையும் மிருதங்கமும் அப்படித்தான். கணினியோடு இணைத்த கீபோர்டு அப்படியில்லை. நீங்கள் தட்டுவது ஓரிடம், சத்தம் பிறப்பது வேறிடம். இடையில் போவது சத்தம் இல்லை, ஒரு செய்தி. "இந்தக் கட்டையை இவ்வளவு வேகத்தில் அழுத்தினார்", "இப்போது விட்டார்" என்று மட்டும் சொல்லும் செய்தி. அந்தச் செய்தி எழுதப்படும் மொழிக்குப் பெயர்தான் மிடி.

1983 ஜனவரியில் அமெரிக்காவில் நடந்த நாம் இசைக்கருவிக் கண்காட்சியில், ஒரு கம்பெனியின் கீபோர்டையும் போட்டிக் கம்பெனியின் கீபோர்டையும் ஒரே ஒயரால் இணைத்துக் காட்டினார்கள். அமெரிக்காவின் சீக்வென்ஷியல் நிறுவனத்து டேவ் ஸ்மித்தும், ஜப்பானின் ரோலண்ட் நிறுவனத்து இக்குத்தாரோ காக்கேஹாஷியும் அதற்கு முன்னின்றவர்கள். அதற்காக இருவருக்கும் 2013-ல் தொழில்நுட்பத்துக்கான கிராமி விருது கிடைத்தது. நம் ஊருக்கு அது வந்து சேர அதிக நாள் ஆகவில்லை. அன்றைய மதுரை மாவட்டத்துப் பண்ணைப்புரத்தில் பிறந்த இளையராஜா, 1986-ல் வந்த 'புன்னகை மன்னன்' இசையில் கணினி வழி சீக்வென்சரைப் பயன்படுத்தினார். 1992-ல் 'ரோஜா' வந்தபோது, ஒருவர் தன் வீட்டை ஒட்டிய ஸ்டூடியோவில் உட்கார்ந்து இப்படியும் இசை செய்யலாம் என்பது ஊருக்கே தெரிந்துவிட்டது. இன்று உங்கள் ஹாலில் இருக்கும் கீபோர்டும் அதே மொழியைத்தான் பேசுகிறது.

பழைய வட்டமான ஐந்து ஊசி ஒயரில் அந்தச் செய்தி ஒரு விநாடிக்கு 31,250 பிட் வேகத்தில் போகும். ஒரு கட்டையை அழுத்திய செய்தி மூன்று பைட், போய்ச்சேர ஏறக்குறைய ஒரு மில்லி விநாடி. ஆகவே "மிடி மெதுவாக இருக்கிறது" என்று யாராவது சொன்னால் பெரும்பாலும் தாமதம் வேறிடத்தில் இருக்கும். அதற்குப் பிறகு வருகிறேன்.

பிளாக்கும் கதவு எண்ணும்

நமக்கு வரும் கூரியரை நினைத்துக்கொள்ளுங்கள். முகவரியில் பிளாக் பெயர் இருக்கும், கதவு எண் இருக்கும். இரண்டும் சரியாக இருந்தால்தான் பார்சல் வீட்டுக்கு வரும். மிடியிலும் அதே இரண்டுதான். பிளாக் என்பது போர்ட், அதாவது எந்தக் கருவியிலிருந்து எந்த வாசல் வழியாக வருகிறது என்பது. கதவு எண் என்பது சேனல். ஒரு போர்ட்டுக்கு 16 சேனல். ஒவ்வொரு செய்தியின் தலையிலும் அதன் சேனல் எண் எழுதப்பட்டே வருகிறது.

கணினியில் உள்ள மென்பொருள் சிந்தசைசர் ஒரு கதவுக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிறது. கதவு 1-ல் இருப்பவர், 2-க்கு வந்த கடிதத்தைப் பிரிக்க மாட்டார். "எந்த எண்ணுக்கு வந்தாலும் நான் வாங்கிக்கொள்கிறேன்" என்று சொல்லும் ஆளும் உண்டு. அந்த நிலைக்கு ஆம்னி என்று பெயர். பல மென்பொருள்கள் ஆரம்பத்தில் ஆம்னியில் இருக்கும், அதனால்தான் முதல் நாள் எல்லாம் நன்றாக வேலை செய்கிறது. யாராவது ஒரு நாள் அதை "சேனல் 1 மட்டும்" என்று மாற்றியிருப்பார்கள். ஆறு மாதம் கழித்து அது மறந்து போயிருக்கும்.

இன்னொரு குழப்பம், எண்ணுவதில். மிடி உள்ளுக்குள் 0-லிருந்து 15 வரை எண்ணுகிறது. நாம் 1-லிருந்து 16 வரை எண்ணுகிறோம். சில மென்பொருள்கள் உள்ளே இருப்பதை அப்படியே காட்டிவிடும். அங்கே 1 என்று இருந்தால் அது நம் கணக்கில் 2. தரைத்தளத்தைச் சேர்த்து எண்ணுகிறவர்களும் சேர்க்காமல் எண்ணுகிறவர்களும் ஒரே லிஃப்டில் ஏறினால் வரும் குழப்பம்தான் இது.

சேனல் 10-ஐத் தனியாக நினைவில் வையுங்கள். 1991-ல் வந்த ஜெனரல் மிடி ஒழுங்குப்படி அது தாளக் கருவிகளுக்கானது. தவறி உங்கள் கீபோர்டு 10-ல் இருந்தால், ஸரிகம வாசிக்கும்போது ஒவ்வொரு கட்டைக்கும் ஒரு டிரம், ஒரு ஜால்ரா, ஒரு கைதட்டல் கேட்கும். வைரஸ் என்று பயப்பட வேண்டாம். சின்னக் கீபோர்டுகள் பலவற்றில் கட்டைகள் 1-லும், பக்கத்தில் உள்ள ரப்பர் பட்டன்கள் 10-லும் அனுப்பும். பட்டன் பேசுகிறது, கட்டை பேசவில்லை, அல்லது கட்டை பேசுகிறது, பட்டன் பேசவில்லை என்றால் முதலில் இதைப் பாருங்கள்.

தண்ணீர் வராத குழாய்

சத்தம் வரவில்லை என்றால் எங்கிருந்து தேடுவது? நம் எல்லோருக்கும் தெரிந்த வழியே போதும். குழாயில் தண்ணீர் வரவில்லை என்றால் நாம் உடனே குழாயை மாற்றுவதில்லை. சம்ப்பில் தண்ணீர் இருக்கிறதா, மோட்டார் ஓடுகிறதா, மேல்தொட்டி நிறைந்ததா, நம் வீட்டு வால்வு திறந்திருக்கிறதா என்று வரிசையாகப் பார்க்கிறோம். பொங்கலன்று நான் செய்தது இதற்கு நேர் எதிர். எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் திருகினேன். அப்படிச் செய்தால், சரியாக இருந்ததையும் கெடுத்துவிடுவோம்.

முதல் இடம் ஒயர். யூ.எஸ்.பி. ஒயர்களில் சார்ஜ் மட்டும் ஏற்றுகிற வகை உண்டு. கீபோர்டில் விளக்கு எரியும், ஆனால் கணினிக்கு அங்கே ஒரு கருவி இருப்பதே தெரியாது. தகவலும் போகிற ஒயர் என்று உறுதியாகத் தெரிந்த ஒன்றை மாற்றிப் பாருங்கள். பெரிய கீபோர்டுகளின் பின்னால் உள்ள சதுர வாய்க்கு பிரிண்டர் ஒயரே பொருந்தும். ஐந்து ஊசி ஒயர் என்றால் ஒரு விதிதான்: அனுப்பும் வாய் வாங்கும் வாய்க்குப் போக வேண்டும். அவுட்டிலிருந்து அவுட்டுக்குப் போட்டால் இரண்டு பேரும் பேசிக்கொண்டிருப்பார்கள், கேட்க ஆள் இருக்காது. விலை குறைந்த யூ.எஸ்.பி. மிடி ஒயர்களில் எழுதியிருக்கும் இன், அவுட் எதைக் குறிக்கிறது என்பது தயாரிப்பாளருக்குத் தயாரிப்பாளர் மாறும். சந்தேகம் வந்தால் இரண்டையும் மாற்றிச் செருகிப் பாருங்கள், ஒன்றும் கெட்டுப்போகாது.

இரண்டாவது, கணினிக்குக் கருவி தெரிகிறதா என்பது. பெரும்பாலான புதிய கீபோர்டுகளுக்குத் தனி டிரைவர் தேவையில்லை. சில பழைய மாடல்களுக்குத் தயாரிப்பாளரின் டிரைவரைப் போட வேண்டும். சிலவற்றில் கீபோர்டுக்குள்ளேயே "பொது டிரைவர், சொந்த டிரைவர்" என்று ஒரு தேர்வு இருக்கும். அது மாறியிருந்தாலும் கணினி அடையாளம் காணாது.

மூன்றாவது, செய்தி உண்மையில் வருகிறதா என்பது. இதற்கென்றே இலவச மென்பொருள் இருக்கிறது. விண்டோஸில் மிடி-ஆக்ஸ், மேக்கில் மிடி மானிட்டர். அதைத் திறந்து ஒரு கட்டையை அழுத்தினால் ஒரு வரி ஓட வேண்டும். வரி ஓடினால் கீபோர்டு, ஒயர், டிரைவர் மூன்றும் சரி. இனி அவற்றைத் தொடாதீர்கள். அந்த வரியில் சேனலும் தெரியும். சில இடங்களில் 90, 91 என்ற எண்ணாக இருக்கும். முதல் இலக்கம் 9 என்றால் "கட்டை அழுத்தப்பட்டது". இரண்டாவது இலக்கத்தோடு ஒன்றைக் கூட்டினால் சேனல். 90 என்றால் சேனல் 1, 91 என்றால் சேனல் 2, 99 என்றால் சேனல் 10.

பார்த்து முடித்ததும் அந்த மென்பொருளை மூடிவிடுங்கள். இது முக்கியம். பல விண்டோஸ் கணினிகளில் ஒரு மிடி போர்ட்டை ஒரு நேரத்தில் ஒரு மென்பொருள்தான் பிடிக்க முடியும். முதலில் பிடித்தவர் விடும்வரை அடுத்தவருக்குக் கிடைக்காது. ஆன்லைன் வகுப்புக்காக பிரவுசரில் திறந்து வைத்த பியானோ பக்கம்கூட அதைப் பிடித்து வைத்திருக்கும். மேக்கிலும் லினக்ஸிலும் பலர் ஒரே நேரத்தில் கேட்கலாம்.

நான்காவது, உங்கள் இசை மென்பொருள். அதில் மூன்று கேள்வி. அமைப்புகளில் அந்த மிடி போர்ட் இயக்கப்பட்டிருக்கிறதா? அந்த டிராக்கின் உள்ளீடாக அந்தப் போர்ட்டும், சரியான சேனலும் அல்லது "எல்லாச் சேனலும்" தேர்ந்திருக்கிறதா? டிராக்கின் சிவப்பு பட்டனும், கேட்டுப் பார்க்கும் மானிட்டர் பட்டனும் போட்டிருக்கிறதா? ரீப்பர், கியூபேஸ், எஃப்எல் ஸ்டூடியோ என்று பெயர்கள் மாறும், பட்டன் இருக்கும் இடம் மாறும், இந்தக் கேள்விகள் மாறாது. ஒரு மென்பொருளிலிருந்து இன்னொரு மென்பொருளுக்கு மிடியை அனுப்ப வேண்டுமானால் இடையில் ஒரு கற்பனை ஒயர் தேவை. மேக்கில் ஆடியோ மிடி செட்டப்புக்குள் ஐ.ஏ.சி. டிரைவர் என்று அது ஏற்கெனவே இருக்கிறது, இயக்கினால் போதும். விண்டோஸில் லூப்மிடி என்ற இலவச மென்பொருள் அந்த வேலையைச் செய்கிறது.

ஐந்தாவது, சத்தத்தின் பாதை. இங்கே மிடி முடிந்துவிட்டது, இனி சாதாரண ஆடியோதான். மென்பொருளில் அளவு காட்டும் பச்சைக் கோடு ஏறுகிறதா என்று பாருங்கள். அது ஏறியும் காதுக்கு வரவில்லை என்றால் சிந்தசைசரில் பிழை இல்லை. இந்தக் கூடத்தில் அடிக்கடி நடப்பது இது: புரொஜெக்டரின் எச்.டி.எம்.ஐ. ஒயரைச் செருகியதும் லேப்டாப் சத்தத்தை அங்கே திருப்பிவிடும். புரொஜெக்டரில் ஸ்பீக்கர் இருக்காது. நாம் ஆம்ப்ளிஃபையரைத் திட்டிக்கொண்டிருப்போம்.

அளவுக் கோடே ஏறவில்லை என்றால், சேனலின் ஒலி அளவைப் பாருங்கள். மிடியில் 7-ஆம் எண் கட்டுப்பாடு ஒலியளவு, 11-ஆம் எண் எக்ஸ்பிரஷன். கீபோர்டில் ஒரு நழுவுபட்டன் கீழே இறங்கியிருந்தால் அந்த ஒரு சேனல் மட்டும் பூஜ்யமாகிவிடும், மற்றவை பாடும்.

அதிகமாகச் சத்தம் வந்தால்

சில வீடுகளில் பிரச்சினை வேறு மாதிரி. ஒரு கட்டையை அழுத்தினால் இரண்டு சத்தம் வருகிறது. உங்கள் கீபோர்டுக்குள்ளேயே சத்தம் எழுப்பும் பகுதி இருக்கிறது, கணினியிலும் ஒன்று இருக்கிறது. இரண்டும் பாடுகின்றன. கீபோர்டின் மெனுவில் லோக்கல் கன்ட்ரோல் என்பதை அணைத்தால் கட்டைக்கும் உள்ளே இருக்கும் ஒலிக்கும் உள்ள தொடர்பு அறுந்துவிடும், செய்தி மட்டும் வெளியே போகும். வேலை முடிந்ததும் மறக்காமல் திரும்பப் போடுங்கள். இல்லையென்றால் மறுநாள் தனியாக வாசிக்க உட்காரும் குழந்தை, கீபோர்டு செத்துவிட்டது என்று அழும். நல்ல கீபோர்டு ஒன்றை இந்த ஒரு காரணத்துக்காகவே ரிப்பேருக்குக் கொண்டு போனவர்களை எனக்குத் தெரியும்.

விட்ட பிறகும் ஒரு ஸ்வரம் நிற்காமல் கத்துகிறதா? "அழுத்தினார்" என்ற செய்தி போய், "விட்டார்" என்ற செய்தி போய்ச்சேரவில்லை. கட்டையை அழுத்திக்கொண்டிருக்கும்போதே சேனலை மாற்றினால் இப்படி ஆகும், விட்ட செய்தி பக்கத்துக் கதவுக்குப் போய்விடும். பல மென்பொருள்களில் பேனிக் என்று ஒரு பட்டன் இருக்கும், அது எல்லாச் சேனலுக்கும் "நிறுத்து" என்று சொல்லிவிடும். எல்லா ஸ்வரமும் நீண்டுகொண்டே போனால் கால் பெடலைப் பாருங்கள். சில பெடல்கள் தலைகீழாக வேலை செய்யும். பல கீபோர்டுகளில் பெடலை மிதிக்காமல் ஒருமுறை அணைத்துப் போட்டால் சரியாகிவிடும்.

தாமதத்துக்கு வருகிறேன். கட்டையை அழுத்திச் சற்றுக் கழித்து ஒலித்தால் அது ஆடியோ பஃபர். கணினி சத்தத்தை வாளி வாளியாக மொண்டு ஊற்றுகிறது. விநாடிக்கு 44,100 துளி என்ற கணக்கில், 1,024 துளி வாளி என்றால் 23 மில்லி விநாடி, 256 என்றால் ஏறக்குறைய 6. வாளியைச் சின்னதாக்கினால் தாமதம் குறையும், ரொம்பச் சின்னதாக்கினால் கணினி திணறிக் கரகரவென்று கேட்கும். 256-ல் ஆரம்பித்துப் பாருங்கள். விண்டோஸில் ஏசியோ வகை டிரைவர் உதவும். புளூடூத் ஸ்பீக்கரை மட்டும் வாசிப்பதற்குப் பயன்படுத்தாதீர்கள். பாட்டுக் கேட்க அது போதும், வாசிக்கத் தாமதம் அதிகம்.

தம்பூரா ஏன் ஆடியது?

நம் சங்கீதம் வாசிப்பவர்களுக்கு மட்டும் வரும் ஒரு சிக்கல் இருக்கிறது. அந்தக் காலத்து ஜெனரல் மிடி பட்டியலில் 128 வாத்தியம். சிதார் 105-ஆவது, ஷெனாய் 112-ஆவது. நம் நாதஸ்வரத்துக்கு இடமில்லை. அது போகட்டும், நல்ல நாதஸ்வர ஒலிகள் இன்று தனியாகக் கிடைக்கின்றன. வாத்தியத்தை விடப் பெரிய கேள்வி கமகம். கல்யாணியில் நிஷாதம் நிற்கிற ஸ்வரம் இல்லை, அசைகிற ஸ்வரம். கீபோர்டில் அந்த அசைவுக்கு இடது பக்கம் உள்ள பிட்ச் சக்கரத்தைத்தான் நம்ப வேண்டும். பழக்கமான அளவில் அது மேலே இரண்டு, கீழே இரண்டு அரைச்சுரம் வளைக்கும். மென்பொருளில் அந்த அளவு 12 என்று இருந்தால், லேசாக அசைத்ததற்கே ஸ்வரம் எங்கோ பறந்துவிடும். இரு பக்கமும் ஒரே அளவு இருக்கிறதா என்று பாருங்கள்.

இப்போது முக்கியமான விஷயம். பிட்ச் சக்கரத்தின் செய்தி ஒரு ஸ்வரத்துக்குப் போவதில்லை, ஒரு சேனலுக்குப் போகிறது. அந்தச் சேனலில் ஒலிக்கும் அத்தனையும் சேர்ந்தே வளையும். தம்பூராவும் குழலும் ஒரே சேனலில் இருந்தால், நீங்கள் கமகத்துக்காகச் சக்கரத்தை அசைக்கும்போது தம்பூராவின் ஸட்ஜமும் பஞ்சமமும் சேர்ந்து ஆடும். ஆதார சுருதியே ஆடினால் பாடுகிறவர் எதைப் பிடித்துக்கொள்வார்? ஆகவே தம்பூராவுக்கு ஒரு சேனல், மெலடிக்கு வேறு சேனல். ஒவ்வொரு ஸ்வரத்துக்கும் தனிச் சேனல் கொடுக்கும் எம்.பி.இ. என்ற முறை 2018-ல் அதிகாரபூர்வமாக வந்தது, ஆனால் அதற்கேற்ற கீபோர்டு வேண்டும். நம் வீட்டில் இருப்பதற்கு இரண்டு சேனல் போதும்.

கட்டையை மாற்றும் டிரான்ஸ்போஸ் பட்டனுக்கும் இதே எச்சரிக்கை. அது கீபோர்டிலிருந்து போகும் ஸ்வர எண்ணையே மாற்றும். கணினியில் தனியாக ஓடும் தம்பூராவுக்கு அது தெரியாது. ஐந்து கட்டையில் வாசிக்க வேண்டுமானால் இரண்டையும் தனித்தனியாக அங்கே கொண்டு போக வேண்டும். ஒன்றை மட்டும் மாற்றிவிட்டு "சுருதி சேரல" என்று குழந்தையைச் சொல்லக் கூடாது.

அன்று நடந்தது

இனி பொங்கலுக்கு வருகிறேன். அன்று இரவு வீட்டுக்குப் போய் லேப்டாப்பைத் திறந்தேன். மேடையில் நான் பதற்றத்தில் பார்க்காமல் விட்ட ஒன்று நினைவுக்கு வந்தது. அவள் வாசித்தபோது மென்பொருளின் மிடி விளக்கு மினுக்கியது. செய்தி வந்திருக்கிறது, கதவுதான் திறக்கவில்லை. டிராக்கைப் பார்த்தேன். "சேனல் 1 மட்டும்" என்று இருந்தது. என் பழைய கீபோர்டில் தாளப் பகுதிகள் வேறு சேனல்களில் வந்து தொந்தரவு செய்கின்றன என்று நான்தான் போன வருஷம் அப்படி மாற்றியிருந்தேன்.

அவளுடைய கீபோர்டு எந்தச் சேனலில் அனுப்பியது என்று தெரிந்துகொள்ள இரண்டு வாரம் கழித்து அவர்கள் வீட்டுக்குப் போனேன். முதலில் மன்னிப்புக் கேட்டேன். அவள் அம்மா காப்பி கொண்டு வந்தார், பேச்சை மாற்றினார். அவள் அப்பா பரணிலிருந்து கீபோர்டை இறக்கினார். பாப்பா அதைப் போட்டுக் காட்டினாள். சேனல் 2.

"ஏம்மா ரெண்டுல வச்சிருக்க?" என்று கேட்டேன்.

"ஒண்ணுல தம்பூரா ஓடும் மாமா. அதுலயே வாசிச்சா வீலைத் திருப்பும்போது தம்பூராவும் ஆடுது. அதான் மாத்துனேன்."

யாரும் அவளுக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை. காதால் கேட்டு, தவறு எங்கே என்று தேடி, சரியான இடத்தில் சரிசெய்திருக்கிறாள். நான் இவ்வளவு நேரம் உங்களுக்கு விளக்கியதை அவள் தனியாகவே கண்டுபிடித்திருக்கிறாள். அவள் எதையும் தட்டி விடவில்லை. நான் என் பக்கத்தை "எல்லாச் சேனலும்" என்று மாற்றியிருந்தால் பத்து விநாடியில் முடிந்திருக்கும். மைக்கில் சொன்ன தவறை மைக்கில்தான் திருத்த வேண்டும் என்பதற்காகவே இன்று இங்கே நிற்கிறேன். அவள் அனுமதியோடுதான் இதைச் சொல்கிறேன்.

பெற்றோர்களிடம் ஒரு வேண்டுகோள். கருவி பேசவில்லை என்றால் முதலில் குழந்தையைச் சந்தேகப்படாதீர்கள், "நீ என்ன மாத்தின?" என்பதற்குப் பதில் "நீ எப்படி வச்சிருந்த?" என்று கேளுங்கள். பதில் அவர்களிடமே இருக்கும். அடுத்தது, புதுக் கீபோர்டு வாங்க டவுன் ஹால் ரோடுக்குக் கிளம்பும் முன் கீழே உள்ள ஆறு வரியையும் ஒரு முறை பார்த்துவிடுங்கள்.

1. ஒயர்: தகவல் போகிற ஒயர்தானா?
2. கணினி: கீபோர்டின் பெயர் பட்டியலில் தெரிகிறதா?
3. செய்தி: மிடி காட்டும் மென்பொருளில் வரி ஓடுகிறதா? எந்தச் சேனல்? (பார்த்ததும் மூடிவிடவும்.)
4. கதவு: டிராக் அந்தப் போர்ட்டையும் அந்தச் சேனலையும் கேட்கிறதா? சந்தேகமானால் "எல்லாச் சேனலும்".
5. ஒலி: வாத்தியம் ஏற்றப்பட்டிருக்கிறதா, அளவுக் கோடு ஏறுகிறதா?
6. வெளியே: சத்தம் எந்த ஸ்பீக்கருக்குப் போகிறது?

ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். மாற்றியதை ஒரு தாளில் எழுதி வையுங்கள். மேடை ஏறும் நாளில், வீட்டில் இருந்த அதே ஒயர், அதே லேப்டாப், அதே ஸ்பீக்கர் வைத்து அரை மணி நேரம் முன்னதாக ஒரு முறை வாசித்துப் பார்த்துவிடுங்கள். அன்று நான் அதையும் செய்யவில்லை.

நவராத்திரிக்கு இந்தக் கூடத்தில் கொலு வைக்கிறோம். ஒரு நாள் மாலை அதே கல்யாணியை வாசிக்கப் பாப்பா ஒத்துக்கொண்டிருக்கிறாள். ஒரு நிபந்தனை போட்டிருக்கிறாள்: லேப்டாப்பை அவளே செட் பண்ணுவாளாம், நான் ஒயரைத் தொடக் கூடாதாம். நான் ஒத்துக்கொண்டுவிட்டேன்.

அதுவரை ஞாயிறு காலை பத்து முதல் பதினொன்று வரை நான் இந்தக் கூடத்தில் இருப்பேன். கீபோர்டையும் லேப்டாப்பையும் எடுத்துக்கொண்டு வாருங்கள், சேர்ந்து பார்ப்போம். பிரிண்டர் ஒயர் இருந்தால் அதையும் எடுத்து வாருங்கள்.